பொக்லைன் இறங்கும் முன்: நீலகிரியில் மண் வெட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கான்ட்ராக்டர் அண்ணன்களுக்கும், பொக்லைனும் ஜே.சி.பி.யும் ஓட்டும் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு ஊறுகாய் ஜாடி நின்றது. உள்ளே ஊறுகாய் இல்லை, ஓடைத் தண்ணீர். கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே, புதிதாக மண் வெட்டிய ஒரு சரிவுக்கு அடியில் ஓடும் ஓடையில் பிடித்தது. பிடித்த அன்று செங்கல்லைக் கரைத்த மாதிரி இருந்தது. மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அதன்மேல் ஒரு விரல்கடை வண்டல். மேலே நின்ற தண்ணீர் மட்டும் தெளியவே இல்லை. ஒன்பதாம் நாளும் பால் குறைவாக ஊற்றிய டீ மாதிரியே இருந்தது. "எனக்கு ஜாடி வேணும், எப்போதான் கொட்டப் போறீங்க" என்று வீட்டுக்காரி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கொட்டவில்லை. அந்த ஜாடி விஷயமாகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சண்டைக்கு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் மண் வெட்டிப் பிழைத்தவன்தான், அதுவும் உங்களைவிடப் பல மடங்கு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கொழுந்து எடுத்தாள், அப்பா கவாத்து வெட்டினார். லைன் வீட்டில் படித்து, சுரங்கப் படிப்பில் டிப்ளமோ வாங்கி, வடக்கே ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் ஓவர்மேனாக, அதாவது மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். "நீலகிரிக்காரன் நிலக்கரிக்குப் போறான், எழுத்துத்தானே மாறுது" என்று கிண்டல் செய்து பஸ் ஏற்றிவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம். அதில் கடைசி ஒன்பது வருஷம் சுரங்கத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் எங்கே கலங்கல் தண்ணீரைப் பார்த்தாலும் கை தானாகப் பாட்டிலைத் தேடுகிறது. கெட்ட பழக்கம்தான்.

நிலக்கரிச் சுரங்கம் என்றாலே இங்கே எல்லாருக்கும் கரும்புகை, கரிமூஞ்சி, நாசம் என்றுதான் நினைப்பு. நாசம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அந்தச் சுரங்கத்துக்கு இருந்த கட்டுப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு கூட நம் மலையில் ஒரு ரிசார்ட் சைட்டுக்கோ, பங்களாவுக்குப் போடும் பாதைக்கோ இருப்பதாக நான் பார்க்கவில்லை. திரும்பி வந்த புதிதில் எனக்கு இதுதான் ஜீரணமாகவில்லை.

அங்கே வேலை எப்படித் தொடங்கும் என்று சொல்கிறேன். முதல் ஷவல் இறங்குவதற்கு முன்னால், குழி வரப்போகிற இடத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டுவோம். கழுத்தில் மாலை போட்ட மாதிரி சுற்றி வருவதால் அதற்கு 'கார்லண்ட் டிரெயின்' என்று பெயர். மேட்டிலிருந்து வரும் மழைத் தண்ணீர் நல்ல தண்ணீர். அது குழிக்குள் விழுந்தால் கரித்தூளும் களிமண்ணும் சேர்ந்து கெட்டுப்போகும். அதனால் விழுவதற்கு முன்பே பிடித்து, சுற்றி அனுப்பி, அது போக வேண்டிய ஓடையிலேயே விட்டுவிடுவோம். நல்ல தண்ணீரையும் கலங்கல் தண்ணீரையும் ஒன்றோடொன்று சேர விடக்கூடாது. சுரங்கத் தண்ணீர் நிர்வாகத்தில் பாதி இந்த ஒரு வரிதான். சேர்ந்துவிட்டால் சுத்தப்படுத்த வேண்டிய தண்ணீரின் அளவு பல மடங்காகிவிடும், அப்புறம் எவ்வளவு பெரிய குளம் வெட்டினாலும் போதாது.

அடுத்தது வெட்டிப் போடும் மண். கரிக்கு மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் அங்கே 'ஓபி' (ஓவர்பர்டன்) என்பார்கள். எங்கள் சுரங்கத்தில் ஒரு டன் கரி எடுக்க இரண்டு மூன்று கன மீட்டர் ஓபியைப் புரட்ட வேண்டும். அதை மலையாகக் கொட்டுவோம். கொட்டுவதற்கு முன்பே, அந்த மலையின் காலடி எங்கே வரும் என்று கயிறு பிடித்துக் கல்லால் ஒரு அடிச்சுவர் கட்டிவிடுவோம். சுவருக்கு உள்பக்கம் ஒரு வாய்க்கால், அந்த வாய்க்கால் போய்ச் சேர ஒரு படிவுக் குளம். குழியின் அடியில் ஊறும் தண்ணீரைச் சேர்க்க ஒரு பள்ளம், அதற்கு 'சம்ப்' என்று பெயர். அதிலிருந்து பம்ப் வைத்து ஏற்றுவதும் நேராக ஓடைக்குப் போகாது, குளத்துக்குத்தான் போகும். அங்கே படிந்து தெளிந்ததில் பெரும்பகுதியை லாரிப் பாதையில் புழுதி அடங்கத் தெளிப்போம். மிச்சம்தான் வெளியே.

வெளியே போவதற்கும் கணக்கு உண்டு. 2000-ல் மத்திய அரசு நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்றே வெளியிட்ட விதிப்படி, ஓடையில் விடும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையாத மண்ணும் தூளும் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராம். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்கும் 9-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புவோம்.

100 மில்லிகிராம் எவ்வளவு என்றால், ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறையத் தண்ணீரில் 100 கிராம் மண். ஒரு டம்ளர் கூட வராது. நான் ஐப்பசியில் பிடித்த ஓடைத் தண்ணீரில் ஒரு லிட்டரைத் தனியாக எடுத்து, பழைய அலுமினியச் சட்டியில் காய்ச்சி வற்ற வைத்தேன். அடியில் டீஸ்பூன் அளவு செம்மண் நின்றது. லேப் கணக்கு இல்லை, அடுப்புக் கணக்குதான். இருந்தாலும் ஒரு டீஸ்பூன் மண் ஏறக்குறைய ஐந்து கிராம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதித்த அளவைப்போல ஐம்பது மடங்கு.

"கரியும் செம்மண்ணும் ஒண்ணா சார், இது வெறும் மண்ணுதானே" என்று சைட்டில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கரித் தண்ணீரில் வேறு பயங்கரம் உண்டு என்பது உண்மைதான். கந்தகம் கலந்த பைரைட் என்ற தாது பாறையில் இருந்தால், அதில் காற்றும் தண்ணீரும் பட்டதும் கந்தக அமிலம் உண்டாகும். மேகாலயாவின் ஜெயந்தியா மலையில் அதுதான் நடந்தது. எலிவளைச் சுரங்கங்களிலிருந்து வடியும் அமிலத் தண்ணீர் ஓடைகளில் இறங்கி மீன் இல்லாமல் போனது. அங்கே லுகா என்ற ஆறு குளிர்காலத்தில் நீலமாகவே ஓடியிருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் அந்தச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது, 2019-ல் மாநிலத்துக்கு 100 கோடி ரூபாய் அபராதமும் போட்டது. ஆனால் நம் நாட்டின் மற்ற கரிவயல்களில் பெரும்பாலும் கந்தகம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. நான் வேலை பார்த்த சுரங்கமும் அப்படித்தான். அங்கே எங்களுக்குத் தினசரித் தலைவலி அமிலம் கிடையாது. இதே 'வெறும் மண்ணு'தான்.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான் தண்ணீர்ப் பிரிவுக்கு மாறிய இரண்டாம் வருஷம், ஜூலை மாதம். மூன்று நாள் விடாத மழை. குழியின் அடியில் சம்ப் நிரம்பி, மெஷின்கள் நிற்கும் தளம் வரை தண்ணீர் ஏறிவிட்டது. பம்ப் ஓடுகிறது, ஆனால் படிவுக் குளத்தில் இடமில்லை. போன மழைக்குச் சேர்ந்த சேற்றைக் கோடையில் அள்ளியிருக்க வேண்டும். உற்பத்தி இலக்கு இருக்கிறது, மெஷின் தர முடியாது என்று தள்ளித் தள்ளி, மே போய் ஜூனும் போய்விட்டது. அன்று இரவு மேலே இருந்தவர் போனில் "பைபாஸ் பண்ணிடு" என்றார். வால்வைத் திறந்தது என் கைதான். குளத்துக்குப் போகாமல் கறுப்புத் தண்ணீர் நேராக ஓடையில் இறங்கியது, விடிய விடிய.

காலையில் கீழே இருந்த கிராமத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒரு வயதான அம்மா பித்தளைக் குடத்தை என் மேஜைமேல் வைத்து, "இதுல பருப்பு வேகுமா பேட்டா?" என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி. பதினோரு நாள் டேங்கரில் தண்ணீர் அனுப்பினோம். விசாரணை என்று ஒன்று நடந்தது, 'எதிர்பாராத கனமழை' என்று எழுதி முடித்தார்கள். ஜூலையில் மழை பெய்வது யாருக்கு எதிர்பாராதது? தப்பு அந்த ராத்திரி நடக்கவில்லை. குளத்தைத் தூர்வாராமல் விட்ட மே மாதத்திலேயே நடந்து முடிந்திருந்தது. வால்வு அதன் கடைசி வரி, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த மடலை ஆவணியிலேயே எழுதுகிறேன். கோத்தகிரி, குன்னூர் பக்கம் நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது எழுதினால் நீங்கள் சாக்கு மூட்டை தேடி ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

ஜாடிக்கு வருகிறேன். அது ஏன் தெளியவில்லை? பொடி எவ்வளவு சின்னதோ அவ்வளவு மெதுவாகப் படியும், அதுவும் சாதாரண மெதுவாக இல்லை. பருமன் பாதியானால் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் மணல், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிஷம் போதும். அதிலும் பத்தில் ஒரு பங்கான வண்டலுக்கு மூன்று மணி நேரம். அதிலும் பத்தில் ஒரு பங்கான களிமண்ணுக்கு ஏறக்குறைய பதின்மூன்று நாள். போதாததற்கு, களிமண் பொடிகள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். நம் பாட்டிமார் பானையில் தேத்தாங்கொட்டையை உரசித் தெளிய வைத்ததும், மாநகராட்சிகள் படிகாரம் போடுவதும் அந்தப் பொடிகளை ஒன்று சேர்த்துக் கனமாக்கத்தான். நீலகிரிச் செம்மண்ணில் இந்த நுண்ணிய களிமண்தான் ஏராளம். பாறை லட்சக்கணக்கான வருஷமாக மட்கி, மாவு மாதிரி ஆன மண். மேலே புல்லும் சோலையும் தேயிலையும் மூடியிருக்கும்வரை அது அசையாது. பொக்லைன் தோலை உரித்த மறுநாள் மழை வந்தால் அது ஓடையில் இருக்கும். ஓடையில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் எந்தத் தொட்டியிலும் பிடிக்க முடியாது.

எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். குந்தா பக்கத்து மண் பில்லூர் அணைக்குப் போகும். கோயம்புத்தூர் குடிக்கும் தண்ணீர் அது, அங்கே வண்டல் சேர்ந்து படும் பாடு கோவைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். குன்னூர்த் தண்ணீர் கல்லாறு வழியாக மேட்டுப்பாளையத்துப் பக்கம் பவானியில் சேரும். வடக்குச் சரிவில் விழுந்தது மோயாறு. எல்லாம் கடைசியில் பவானிசாகர். கூடலூருக்கு மேற்கே விழுவது மட்டும் பாண்டியாறு, புன்னம்புழாவாகிக் கேரளாவில் சாலியாறோடு போய்விடும். ஆனால் அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால், முதல் வளைவிலேயே, படுகர் ஊரான ஹட்டியில் இருப்பவரோ எஸ்டேட் லைன்காரரோ யாரோ ஒருவர் ஓடையில் பைப் போட்டு வைத்திருப்பார். இங்கே பாதி ஊர்களுக்கு அப்படித்தான் தண்ணீர். கோத்தகிரி டவுனுக்கே ஈளாடாத் தடுப்பணைத் தண்ணீர் வருகிறது. லாங்வுட் சோலையிலிருந்து சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீர் வருகிறது. அந்தச் சோலை 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்கு நாமெல்லாரும் வாட்ஸ்ஆப்பில் வாழ்த்து அனுப்பிக்கொண்டோமே, அதே சோலைதான். 116 ஹெக்டேர். நடந்து சுற்றி வந்துவிடலாம்.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? சுரங்கத்தில் செய்ததை அப்படியே இங்கே செய்யச் சொல்ல மாட்டேன். செய்தால் ஆபத்து. சமவெளியில் வாய்க்கால் ஊறினால் ஊறட்டும் என்று விடலாம். இங்கே வெட்டிய சரிவுக்கு மேலே மண் வாய்க்காலில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கினால், சரிவே கிளம்பி வந்துவிடும். 2009 நவம்பரில் கேத்திப் பக்கம் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது வீட்டைவிட்டு ஓடியவர்களில் உங்கள் உறவுக்காரர் ஒருவராவது இருப்பார். அதனால் மேலே வெட்டும் வாய்க்காலுக்குக் கல்லோ சிமென்டோ போட்டுத் தளம் வேண்டும், தண்ணீர் நிற்காமல் ஓடும் சாய்வு வேண்டும், அது போய்ச் சேரும் இடம் பாறையாகவோ நல்ல புல்தரையாகவோ இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது. அது வாய்க்கால் கணக்கில் வராது, சண்டை கணக்கில் வரும்.

இந்த வாய்க்கால்தான் முதல் நாள் வேலை. வெட்டு அப்புறம். நீங்கள் இப்போது தலைகீழாகச் செய்கிறீர்கள். வெட்டி, லெவல் பண்ணி, பில்லர் எழுப்பி, பெயின்ட் அடிக்கும் நேரத்தில் சுற்றி ஒரு வாய்க்கால் போடுகிறீர்கள். அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடுகிறது. போக வேண்டிய மண்ணும் போய்விடுகிறது.

அடுத்தது வெட்டிய மண். இதில்தான் எனக்கு உங்கள்மேல் நிஜமான வருத்தம். டிப்பர் வாடகை மிச்சம் என்று சரிவின் விளிம்பில் தள்ளிவிடுகிறீர்கள். பார்க்க இடம் பெரிதான மாதிரி இருக்கும், ஓனருக்கும் சந்தோஷம். அது இறுகாத மண், முதல் பெருமழைக்கே பாதி ஓடையில் இருக்கும். தள்ளத்தான் வேண்டும் என்றால், தள்ளுவதற்கு முன் அதன் காலடியில் கல்லுக்கட்டு போடுங்கள், மண் வந்த பிறகு போடாதீர்கள். கல்லுக்கட்டில் தண்ணீர் வெளியேற பைப் வையுங்கள். மேல்மண்ணை, அதாவது கறுப்பாக, வேரோடு இருக்கும் அந்த ஒரு முழத்தை, தனியாகக் குவித்து வையுங்கள். சுரங்கத்தில் அதை நகை மாதிரிப் பாதுகாப்போம், கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே பரப்பிப் புல் விதைப்பதற்கு. அது இல்லாமல் வெறும் செம்மண்ணில் நீங்கள் என்ன விதைத்தாலும் ஒட்டாது.

வெட்டிய தளத்துத் தண்ணீர் வெளியேறும் ஒரே இடத்தில் ஒரு படிவுக் குழி. ஆழமாக வேண்டாம், நீளமாக வேண்டும். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வழிய வேண்டும். நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வழிந்தால் குழி இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒன்றைவிட அடுத்தடுத்து இரண்டு நல்லது. பாதி நிரம்பியதும் அள்ளிவிடுங்கள். என் ஜூலை மாதக் கதையை அப்போது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். குழியைச் சரிவின் விளிம்பில் வெட்டாதீர்கள், கொட்டிய மண்ணின் மேல் வெட்டவே வெட்டாதீர்கள். வெட்டாத கெட்டி நிலத்தில்தான் வெட்ட வேண்டும்.

இந்தக் குழி களிமண்ணைப் பிடிக்குமா? பிடிக்காது. மேலே சொன்ன கணக்குப்படி பதின்மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி வைக்க உங்களிடம் இடம் கிடையாது. மணலையும் கொஞ்சம் வண்டலையும் பிடிக்கும், அவ்வளவுதான். களிமண்ணுக்கு வழி ஒன்றே ஒன்று. அது கிளம்பாமல் பார்த்துக்கொள்வது. ஒரே நேரத்தில் முழுச் சரிவையும் உரிக்காதீர்கள். இந்த மாதம் கட்டப்போகிற அளவுக்கு மட்டும் திறங்கள். வேலை நிற்கும் இடத்தில் தென்னைநார் விரிப்போ, வைக்கோலோ, வெட்டிப்போட்ட தைலமரக் கிளையோ, எது கிடைக்கிறதோ அது. ஓரங்களில் வெட்டிவேர் நட்டுவிடுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் புதிதாக எதையும் திறக்காதீர்கள். மழைக்காலத்தில் சுரங்கத்திலேயே வேலையைக் குறைத்துக்கொள்வோம், அங்கே ஒரு நாள் நஷ்டம் கோடிக் கணக்கில்.

டீசலும் ஆயிலும் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓடை ஓரத்தில் மெஷினைக் கழுவாதீர்கள், ஆயில் மாற்றாதீர்கள். ஒரு லிட்டர் பழைய ஆயிலைச் சுரங்கத்துக்கு அனுமதித்த அளவுக்குக் கரைக்க ஏறக்குறைய 87,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லோடுக்கும் மேல்.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். டீக்கடையில் எல்லாம் கேட்டுவிட்டேன். "ஓனர் காசு தர மாட்டான்." சரி, அப்படியானால் எஸ்டிமேட்டில் 'தண்ணீர் வழி' என்று தனி வரியாகப் போடுங்கள். அஸ்திவாரத்தை யாரும் வெட்டச் சொல்வதில்லை, ஏனென்றால் அது எஸ்டிமேட்டில் முதலில் இருக்கிறது. சின்ன சைட்டுக்கு வாய்க்கால், குழி, சாக்கு மூட்டை எல்லாம் சேர்த்து மெஷினுக்கு ஒரு நாள் வேலைக்கு மேல் வராது என்பது என் கணக்கு. "கேரட் கழுவுற தண்ணி மட்டும் நல்லாவா இருக்கு?" இல்லை, நல்லாயில்லை. அவர்களுக்கும் தனியாக ஒரு மடல் எழுதத்தான் போகிறேன். "ரோடு வேலையே அப்படித்தானே நடக்குது." இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி. சாலையை அகலப்படுத்தும்போது வெட்டிய மண் சரிவில் உருள்வதை நானும் பஸ் ஜன்னலில் பார்த்தேன்.

அதனால் அனுமதி தரும் இடத்தில் இருப்பவர்களும் இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். மெஷினுக்கு அனுமதிக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால், மேல் வாய்க்காலும் கீழ்க் கல்லுக்கட்டும் கட்டி முடித்த போட்டோ கேளுங்கள். வரைபடம் போதாது. சின்ன வாய்க்காலையும் கல்லுக்கட்டையும் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்களே முடித்துவிடுவார்கள், அதற்குப் பொக்லைன் தேவையில்லை. அரசு வேலைக்கும் அதே போட்டோ. எத்தனை பக்க நிபந்தனை போட்டாலும் வேலை தொடங்கிய பிறகு யாரும் படிக்க மாட்டார்கள். சுரங்கத்திலும் யாரும் படித்ததில்லை. வரிசை மாறக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தால் அதை மட்டும் ஏமாற்றுவது கஷ்டம்.

இன்னொன்று, கொஞ்சம் சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். இந்த மலையில் நிலக்கரி கிடையாது, பாறை வேறு வகை. ஆனால் நிலக்கரியின் பாட்டி இருக்கிறாள். சாண்டிநல்லாப் பக்கத்துச் சதுப்பில் தோண்டினால் கறுப்பாக, பஞ்சு மாதிரி ஒரு மண் வரும். செடிகள் மட்காமல் சேர்ந்து சேர்ந்து ஆனது, 'பீட்' என்பார்கள். அதில் 20,000 வருஷத்துக்கும் முந்தைய அடுக்குகளை எடுத்து அந்தக் காலத்து மழையை ஆராய்ந்திருக்கிறார்கள். இதே மாதிரிச் சதுப்பு மண்ணுக்குள் புதைந்து, கோடிக்கணக்கான வருஷம் அழுந்தினால்தான் நான் சம்பளம் வாங்கிய கரி. நம் சதுப்புகள் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மாசி, பங்குனியிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. 'சதுப்பு, வீணாக் கிடக்கு' என்று அதில் உங்கள் வெட்டு மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டி மேடாக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஓனர் சொன்னாலும் அந்த ஒரு லோடை மட்டும் மறுத்துவிடுங்கள். இதை அதட்டலாகவே சொல்கிறேன், வயசில் மூத்தவன் என்பதால்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். சைட்டைக் காட்டுங்கள், வாய்க்கால் எங்கே எடுக்கலாம், குழி எங்கே வெட்டலாம் என்று நடந்து பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம், டீ போதும். முழங்கால் வலி இருப்பதால் ரொம்பச் செங்குத்தான இடமென்றால் மேலே நின்றுதான் பார்ப்பேன்.

ஜாடியைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். சித்திரையில் அதில் மாங்காய் போட்டாள். வருகிற ஐப்பசிக்கு வேறொன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பழைய ஓவர்மேன்